வீட்டிலிருந்தபடியே கல்லூரிக்குப் போன பிள்ளைகள்

2021 செப்டம்பர்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலை அறிவியல் கல்லூரிகளில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் மாணவர்களுக்கு அக்டோபர் 4-ஆம் தேதி முதல் வகுப்புகள் தொடங்கும் என்ற அறிவிப்பைத் தங்கள் நாளிதழில் படித்தேன். சென்ற ஆண்டு இதே இடத்தில் நின்ற ஒரு தகப்பன் நான். புதுக்கோட்டை மாவட்டம் அறந்தாங்கி வட்டத்தில் ஒரு கிராமத்தின் கிளை அஞ்சலக அலுவலராகவும் இருக்கிறேன். கொரோனா வந்த பிறகான கடந்த பதினெட்டு மாதங்களில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததையும், சேர்ந்த சிலர் தொடர முடியாமல் போனதையும் அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில், இப்போது முதன்முதலாகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பப்போகும் பெற்றோருக்கும் அவர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கும் கல்லூரிகளுக்கும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும் என்று எழுதுகிறேன். கடிதம் நீளமாக இருக்கும், பொறுத்தருள வேண்டும்.

என் மகள் 2020 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவள். எங்கள் பக்கத்தில் அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கொரோனா முதல் அடி அன்று. அவர்கள் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த 2018 நவம்பரில் கஜா புயல் வந்து, தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து, பல வீடுகளில் கூரை போய், வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்களில் இருந்துதான் அவர்கள் அந்த ஆண்டின் பொதுத்தேர்வை எழுதினார்கள். அடுத்த ஆண்டு பிளஸ் டூ கடைசித் தேர்வு மார்ச் 24-ஆம் தேதி. என் மகளுக்கு வேதியியல். அன்று மாலை ஆறு மணிக்குத் தமிழகம் முழுவதும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. பேருந்து கிடைக்காமலும் அச்சத்தினாலும் மாநிலத்தில் 30,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் அந்தத் தேர்வுக்கு வர முடியாமல் போய், அவர்களுக்காக ஜூலை 27-ஆம் தேதி தனியாகத் தேர்வு நடத்தினார்கள். என் மகளை நான் மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். தேர்வு முடிந்து வெளியே வந்த பிள்ளைகள் மை தெளித்துக்கொள்ளவில்லை, சட்டையில் கையெழுத்து வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட வாசலில் நின்று பேசக்கூட நேரமில்லாமல் அவரவர் வீட்டாரோடு வண்டியேறிப் போனார்கள். பள்ளிப் படிப்பு அப்படித்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு கல்லூரி தொடங்க ஏழு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. பல்கலைக்கழக மானியக் குழு முதலாமாண்டு வகுப்புகளை முதலில் செப்டம்பரில் தொடங்கலாம் என்று சொல்லி, பிறகு நவம்பர் 1-ஆம் தேதிக்கு மாற்றியது. திருச்சியில் அரசு உதவி பெறும் மகளிர் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. வேதியியலுக்கு இடம் கிடைத்தது. சேர்க்கையன்று நானும் மனைவியும் மகளும் இரண்டு பேருந்து மாறிப் போனோம். வாசலில் வெப்பநிலை பார்த்து மாணவியை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். பெற்றோர் சாலையோர வேப்பமரத்தடியில் இடைவெளி விட்டு நின்றோம். இருபது நிமிடத்தில் கையில் ரசீதோடு திரும்பி வந்தாள். அந்தக் கல்லூரிக்கும் எங்களுக்கும் அடுத்த மூன்று மாதங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்; வகுப்பெல்லாம் கைப்பேசியில் இணையவழியாகவே நடந்தது. நோய்க்காலத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் நானும் என் மனைவியும் கல்லூரிக்குப் போனவர்கள் அல்லர். அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2019-20-இல் நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம், அதாவது கல்லூரி வயதினர் நூற்றுக்கு உயர்கல்வியில் சேர்ந்திருப்போர், 27.1 ஆக இருந்தபோது தமிழகத்தில் அது 51.4. இந்தப் பெருமைக்குள் எங்கள் வீட்டைப்போல் முதல் பட்டதாரி உருவாகிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளமாக உண்டு. கல்லூரி என்றால் உள்ளே என்ன நடக்கும் என்றே தெரியாத அந்த வீடுகளைத்தான் 2020 நவம்பரில் ஒரே நாளில் கல்லூரியாக மாறச் சொன்னோம். எப்படி மாறுவது என்று அந்த வீட்டாருக்கு யாரும் சொல்லவில்லை.

நாங்கள் செய்த தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததன்று. கிளை அஞ்சலகம் பெரும்பாலும் அலுவலரின் வீட்டிலேயே ஒரு பகுதியில் நடக்கும். எங்கள் வீட்டின் முன்திண்ணையும் அதை ஒட்டிய அறையுமே அஞ்சலகம். ஊரடங்கிலும் நாங்கள் மூடவில்லை. வங்கிக்குப் போகப் பேருந்து இல்லாத காலத்தில், கைரேகை வைத்துப் பணம் எடுக்க முதியவர்கள் எங்களிடம்தான் வந்தார்கள். பணம் எடுக்கும் பாரத்தை நிரப்பிக் கொடுக்க ஆள் வேண்டும். பள்ளியில் படித்தபோது விடுமுறை நாளில் மகள்தான் அதைச் செய்வாள். கல்லூரியில் சேர்ந்த பிறகும் உள்ளறையில்தானே இருக்கிறாள் என்று நான் கூப்பிட்டேன். அவள் அம்மா அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டாள். தம்பி கணக்குக் கேட்டுக் கூப்பிட்டான். ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட, தண்ணீர் வரும் நேரத்தில் குடம் வைக்க, எல்லாவற்றுக்கும் அவள் பெயரே முதலில் வந்தது. பள்ளிக்குப் போன நாள்களில் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அவளை நாங்கள் கூப்பிட்டதில்லை, கூப்பிட அவள் வீட்டில் இல்லை. இப்போது வீட்டில் இருந்தாள் என்ற ஒரே காரணத்தால், அவள் எங்கும் போகவில்லை என்று நினைத்துவிட்டோம்.

டிசம்பரில் ஒருநாள் முற்பகலில், ஓய்வூதியம் எடுக்க வந்த ஒரு மூதாட்டிக்குப் பாரம் நிரப்பக் கூப்பிட்டேன். வந்து நிரப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். கூகுள் படிவத்தில் நடந்த உள்மதிப்பீட்டுத் தேர்வுக்கு நடுவே எழுந்து வந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. திரும்பிப் போய் உட்கார்ந்தபோது நேரம் முடிந்து படிவம் மூடிக்கொண்டது. மூன்று வாரம் கழித்து மதிப்பெண் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தபோது, இருபத்தைந்துக்கு ஆறு என்பதைப் பார்த்து, எந்நேரமும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தும் இவ்வளவுதானா என்று நான்தான் கேட்டேன். அதற்கும் அவள் பதில் சொல்லவில்லை. அவளோடு படிக்கும் பெண்ணின் தாய் போனில் பேசும்போதுதான் உண்மை தெரிந்தது. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைச் சரிசெய்தவர் என் தாயார். என் பிள்ளைகளின் அப்பத்தா. எழுதப் படிக்கத் தெரியாதவர். மறுநாள் காலை, உள்ளறைக் கதவுக்குப் பழைய சேலையைக் கிழித்துத் திரை கட்டிவிட்டு, வாசலில் பாய் போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் வந்து பேத்தி எங்கே என்று கேட்டபோது, “திருச்சிக்குப் போயிருக்கா. நாலு மணிக்குத்தான் வருவா” என்றார். அவள் உள்ளே இருப்பது கேட்டவருக்கும் தெரியும். என் மனைவி உள்ளே போகப் போனபோதும் அதையே சொன்னார், எனக்கும் அதையே சொன்னார். காலையில் மகள் குளித்து, தலைவாரி, கல்லூரிக்குப் போகும் உடையில்தான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்பது அவர் விதித்த கட்டளை. மதியச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கூப்பிடக் கூடாது, கட்டுச்சோறாக டப்பாவில் அடைத்துக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. இரண்டு வாரத்தில் விளங்கியது. நாலு மணிக்குத் திரையை விலக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, வெளியூர் போய்த் திரும்பிய பிள்ளையைக் கேட்பதுபோல, இன்று என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றியது. அவளும் சொல்லத் தொடங்கினாள்.

பிள்ளை வீட்டில் இருந்தாலும் அது கல்லூரிக்குப் போன பிள்ளைதான். நான் பெற்றோருக்குச் சொல்ல வந்தது இதுவே. இப்போது கல்லூரிகள் திறந்துவிட்டனவே, இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். செப்டம்பர் 1 முதல் சுழற்சி முறையில்தான் வகுப்புகள் நடக்கின்றன. வாரத்தில் சில நாள் கல்லூரி, சில நாள் வீடு. மூன்றாவது அலை வந்தால் மறுபடியும் முழுவதும் வீடுதான். அந்த வீட்டு நாள்களில் பிள்ளைகளை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளை, வேலைக்குக் கிடைத்த கையாக எண்ணிவிடக் கூடாது.

இடம் இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் ஒற்றை அறை வீடுகள் அதிகம். ஒரு வீட்டில் மாட்டுக் கொட்டகையின் ஒரு மூலையைச் சாணம் மெழுகிக் கொடுத்தார்கள். கீழத்தெருவில் மூன்று பிள்ளைகள் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தார்கள், அங்கேதான் சிக்னல் கிடைத்தது. வெயில் ஏறியபோது அவர்களில் ஒருவனின் தகப்பனார், கூலிக்குப் போகிறவர், தென்னங்கீற்றுப் பின்னி அந்தப் படிக்கட்டுக்கு மேல் நிழல் போட்டுக் கொடுத்தார். தன் மகனுக்கு என்ன பாடம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எத்தனை மணிக்கு வகுப்பு, எத்தனை மணிக்கு இடைவேளை என்பது தெரியும்.

கைப்பேசி பற்றி எழுதாமல் இருக்க முடியாது. வகுப்புக்கு உதவும் கைப்பேசி எளிய விலைக்குக் கிடைக்கவில்லை. அதற்காகத் தோடு அடகுக்குப் போன வீடுகளை எனக்குத் தெரியும். கூட்டுறவு வங்கிகளில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி என்று இம்மாதம் 13-ஆம் தேதி முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தபோது, எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வந்தவை அப்படிப் போன தோடுகளே. 2021 ஜனவரியில் அன்றைய அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய வசதியுள்ள அட்டையை அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வழியாக விலையின்றி வழங்கியது; பெரிய உதவி. ஆனால் அது ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கு மட்டுமே. இரண்டாவது அலை உச்சத்தில் இருந்து, மே 10 முதல் முழு ஊரடங்கு போட்டு, கூலி வேலையும் நின்றுபோன மாதங்களில் அட்டை காலாவதியாகியிருந்தது. கல்லூரிகள் முழுமையாக நேரடி வகுப்புக்குத் திரும்பும்வரை அந்த உதவியை நீட்டிக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாக அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்த பெற்றோருக்குள் அச்சம் இருப்பதும் உண்மை. பணம் வைத்து ஆடும் ரம்மி போன்ற விளையாட்டுகளை 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தால் தடைசெய்தார்கள். பின்னர் வந்த சட்டத்தைக் 2021 ஆகஸ்ட் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே அச்சத்துக்குக் காரணம் இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது அதற்கு மருந்தாகாது என்பதையும் கண்டேன். பின்னால் தகப்பன் நிற்கும்போது எந்தப் பிள்ளையும் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்காது. வகுப்பில் கேமராவைப் போடச் சொன்னபோது, சுவரின் காரை பெயர்ந்திருப்பதும் பின்னால் கொடியில் துணி தொங்குவதும் மற்றவர்களுக்குத் தெரியுமே என்று கூசிய பிள்ளைகள் அவர்கள். அந்தக் கூச்சத்துக்குள் நாமும் போய் நிற்க வேண்டியதில்லை. கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதியை மட்டும் நம் பொறுப்பில் வைத்துக்கொண்டு, மற்றதை அவர்களிடம் விட்டுவிடலாம்.

படிப்பில் பெற்றோர் என்ன உதவி செய்ய முடியும்? நான் பிளஸ் டூவோடு நின்றவன். என் மகள் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். கல்லூரியில் எல்லாம் ஆங்கிலம். பள்ளியில் வினையூக்கி என்று படித்தது இங்கே கேட்டலிஸ்ட், நிறங்காட்டி என்று படித்தது இண்டிகேட்டர், பருமனறி பகுப்பாய்வு வால்யூமெட்ரிக் அனாலிசிஸ். தெரிந்த பொருளே தெரியாத சொல்லில் வரும்போது, தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று பிள்ளை நினைத்துவிடுகிறது. சாதாரண ஆண்டாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் தோளைத் தட்டி, இது நமக்குத் தெரிந்ததுதான் என்று சொல்லியிருப்பாள். விடுதியில் மூத்த மாணவி சொல்லியிருப்பாள். அந்தத் தோள் 2020-இல் இல்லை. எனவே மாலையில் நான் உட்கார்ந்து, அன்று நடந்ததைத் தமிழில் எனக்குச் சொல் என்று கேட்கத் தொடங்கினேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று அவள் எழுதிக்கொண்டே வந்தாள். எனக்குப் பாதி புரியாது. புரியாத இடத்தில் நான் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லப் பார்க்கும்போது அவளுக்குப் புரிந்துவிடும். படிக்காத பெற்றோரும் இதைச் செய்யலாம். கேட்டுக்கொண்டிருக்க அரை மணி நேரம் மட்டும் வேண்டும்.

முதல் பருவத் தேர்வை வீட்டிலிருந்தே எழுதினார்கள். எழுதி முடித்ததும் விடைத்தாளைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், பிறகு மூலத்தை விரைவு அஞ்சலில் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். அந்த நாள்களில் விடைத்தாள் உறைகளோடு சுற்றுவட்டாரப் பிள்ளைகள் எங்கள் அஞ்சலகத்துக்கு வந்தார்கள். சில வீடுகளிலிருந்து தாய்மார்கள் வந்தார்கள். முகவரி சரியாக இருக்கிறதா, நனையாமல் போகுமா, போய்ச் சேராவிட்டால் பிள்ளை தோற்றுவிடுமா என்று கேட்டார்கள். ஒருவர் மட்டும், “இப்படி எழுதினா இது பரீட்சைதானா?” என்று கேட்டார். அவர் கேலியாகக் கேட்கவில்லை. கட்டிய பணமும் விற்ற ஆடும் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலையில் கேட்டார். பரீட்சைதான் அம்மா, பிள்ளை உட்கார்ந்து எழுதியதை நீங்களே பார்த்தீர்களே என்று சொல்லி அனுப்பினேன். இந்த ஆண்டு சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைவிட அழுத்தமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இவர்களுக்குப் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. 2021 ஜூன் 5-ஆம் தேதி ரத்து செய்தார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து 50 விழுக்காடு, பிளஸ் ஒன்னிலிருந்து 20, பிளஸ் டூ செய்முறையும் உள்மதிப்பீடும் 30 என்று கணக்கிட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். தேர்வை ரத்து செய்தது இந்தப் பிள்ளைகளின் குற்றமன்று. ஓராண்டு பள்ளிக்கூடத்தையே சரியாகப் பார்க்காமல், நாளைக்குத் தேர்வு உண்டா இல்லையா என்று தெரியாமல் படித்தவர்கள். “நீங்கள் எல்லாம் ஆல் பாஸ்தானே” என்று உறவினர் சொன்னால் பெற்றோர் அங்கேயே மறுத்துப் பேச வேண்டும். கல்லூரியில் முதல் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது அந்தச் சொல்தான் பிள்ளையின் காதில் ஒலிக்கும்.

2021 பிப்ரவரி 8-ஆம் தேதி முதலாமாண்டு மாணவர்களுக்கும் கல்லூரி திறந்தது. டிரங்குப் பெட்டி, வாளி, பாய், தலையணை, ஊறுகாய் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டுபோய் மகளை விடுதியில் விட்டுவிட்டு வந்தோம். மார்ச் 23 முதல் மறுபடியும் இணையவழி வகுப்பு என்று அறிவித்துவிட்டார்கள். மொத்தம் 43 நாள்கள். அந்த 43 நாள்களில் அவள் பேசிய பேச்சும் முகத்தில் இருந்த தெளிவும் வேறு. ஆய்வகத்தில் தன் கையால் பியூரெட் என்ற கண்ணாடிக் குழாயைத் திறந்து, சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில் நிறுத்தியதைப் போனில் கால் மணி நேரம் சொன்னாள். வீட்டிலிருந்தபோது அதையே காணொளியில் பலமுறை பார்த்தவள்தான். நாங்கள் திரை கட்டினாலும், கட்டுச்சோறு கொடுத்தாலும், மாலையில் உட்கார்ந்து கேட்டாலும், ஒரு வீடு கல்லூரியாகிவிடாது என்பதையும் அந்த நாள்களில்தான் உணர்ந்தேன். எனவே இரண்டாமாண்டு என்று பெயரளவில் சொல்லப்படும் இந்தப் பிள்ளைகளைக் கல்லூரிகள் புதியவர்களாகவே ஏற்க வேண்டும். நூலகத்தில் நூல் எடுப்பது எப்படி, தேர்வுப் பிரிவு எங்கே இருக்கிறது என்பவைகூட அவர்களில் பலருக்கு இன்னும் தெரியாது. விடுபட்ட முதலாமாண்டுச் செய்முறைகளைச் சனிக்கிழமைகளிலாவது செய்ய வைக்க வேண்டும். அதற்கு மேலும் பேருந்துச் செலவாகும் என்றால் பெற்றோர் நாங்கள் எப்படியாவது ஏற்றுக்கொள்கிறோம்.

எனக்கு மிகுந்த கவலை தருவது, வராமலே போன பிள்ளைகள். அரசுக் கலைக் கல்லூரிகளில் சேர்ந்த எங்கள் பகுதிப் பையன்கள் பலர், வீட்டில்தானே இருக்கிறோம் என்று வேலைக்குப் போனார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள், கட்டட வேலைக்குச் சென்னைக்குப் போனார்கள். வகுப்பில் சேர்ந்திருப்பதாகக் காட்டும் கைப்பேசி சட்டைப்பையில் ஓடிக்கொண்டிருக்க, சாரத்தில் நின்று கலவை வாங்கியவனை எனக்குத் தெரியும். தகப்பனுக்கு வருமானம் நின்ற வீட்டில் அவன் செய்தது குற்றமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையில் வாரக்கூலி பார்த்துப் பழகியவன் இந்த மாதம் கல்லூரி திறந்தும் திரும்பி வரவில்லை. பெண் பிள்ளைகள் இருவருக்கு முதலாமாண்டு முடிவதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். கல்லூரிக்குப் போகாமல் வீட்டிலிருக்கும் பெண் என்றே அவர்களையும் எண்ணிவிட்டார்கள். பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீங்குவதற்குள் இப்படிப்பட்ட வீடுகளுக்கு யாராவது போய்ப் பேச வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஒருவர் போனில் அழைத்து, உன் இடம் இன்னும் இருக்கிறது, வா என்று சொன்னால் அவர்களில் சிலராவது வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாவது அலையில் பெற்றோரை இழந்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கொரோனாவால் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் ரூபாய் நிவாரணம், பெற்றோரை இழந்தவர்களுக்குப் பட்டப்படிப்பு வரை கல்வி, விடுதிச் செலவு என்று மே 29-ஆம் தேதி முதலமைச்சர் அறிவித்தார். 18 வயது நிறைவதை எல்லையாகக் கொண்ட ஏற்பாடு அது. கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைகள் அந்த எல்லைக்கு ஓரிரு மாதம் இப்பாலோ அப்பாலோ இருப்பவர்கள். பிறந்த தேதியை மட்டும் பார்க்காமல், பட்டப்படிப்பில் சேர்ந்திருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கட்டண விஷயத்தில் ஒரு செய்தி. சென்ற ஆண்டு சேர்க்கையை ரத்து செய்தாலோ வேறு கல்லூரிக்கு மாறினாலோ நவம்பர் 30 வரை முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும், அதன்பின் டிசம்பர் 31 வரை ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லியிருந்தது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மகனுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் சுயநிதிக் கல்லூரி ஒன்றிலிருந்து மாற்றினார். கட்டிய பதினெட்டாயிரத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. இப்படி ஒரு விதி இருப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. இந்த ஆண்டுக்குரிய விதியைத் தங்கள் நாளிதழ் பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் பலருக்குப் பயன்படும். தொழிற்கல்வியில் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களின் படிப்பு, விடுதி, கலந்தாய்வுக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று செப்டம்பர் 20-ஆம் தேதி வந்த அறிவிப்பு மனத்துக்கு நிறைவு தந்தது. கலை அறிவியல் படிப்புக்குப் போகும் ஏழைப் பிள்ளைகளின் விடுதிச் செலவையும் அரசு நினைத்துப் பார்க்க வேண்டும்.

முடிவாகக் கல்லூரி முதல்வர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் கூட்டம் என்றால் இந்தக் காலத்தில் எல்லோரையும் வரவழைக்க முடியாது. ஜூம் வழியாகக் கூட்டம் வைத்தால், கைப்பேசி பிள்ளையிடம் இருக்கும், பெற்றோர் வேலைக்காட்டில் இருப்பார்கள். ஐம்பது காசுக்கு அஞ்சலட்டை இருக்கிறது. சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தமிழில் ஒரு அட்டை போடுங்கள். வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எந்தெந்த நாள் வீட்டிலிருந்து படிக்க வேண்டும், அந்த நேரத்தில் பிள்ளைக்கு வேறு வேலை கொடுக்க வேண்டாம், வருகைப் பதிவு எப்படிக் கணக்கிடப்படும், கட்டணத்தை எப்போது கட்டலாம், சந்தேகம் இருந்தால் எந்த ஆசிரியரை எந்த எண்ணில் அழைக்கலாம் என்று நான்கைந்து வரி எழுதினால் போதும். இன்றே அஞ்சலில் சேர்த்தால் அக்டோபர் 4-க்கு முன் கிடைத்துவிடும். எங்கள் கிளைக்கு வரும் அட்டைகளை உரியவர்கள் வீட்டுக்கு நானே கொண்டுபோய், படிக்கத் தெரியாதவர்களுக்கு இரண்டு முறை படித்துக் காட்டிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை அஞ்சலக அலுவலர் ஒருவர்,
அறந்தாங்கி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

(மகளின் பெயரும் கல்லூரியும் அடையாளம் தெரியக் கூடாது என்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)